வண்டியின் வேகமும் கவர்னர் என்னுங் கருவியும்

யானைக்கு அங்குசமும் குதிரைக்குக் கடிவாளமும் மரக்கலத்திற்குச் சுக்கானும் அமைத்துக்கொண்ட மனிதன், பொறியினால் இயங்கும் வண்டியைப் படைத்தபோது அதனை அடக்குதற்கும் ஒரு கருவி வேண்டுமென உணர்ந்தான். அவ்வாறு அமைந்த கருவிகளுள் ஒன்றே கவர்னர் எனப்படுவது. நம் மலைநாட்டு லொறிச் சாரதிகளும் கராச்சுத் தொழிலாளரும் அதனைக் 'கெவுனர்' என்பர். வேகங்காக்குங் கருவி என்று தமிழில் வழங்கினும் பொருந்தும். பெயர் எதுவாயினும் அதன் தொழில் யாது, அதன் எல்லை யாது என்பவற்றை நம்மவர் பலர் தெளிய அறிந்திலர். அத்தெளிவின்மை சிற்சில வேளைகளில் உயிர்க்கே ஊறாய் முடிதலின், இதனைச் சிறிது விரிவாக ஆராய்தல் தகும்.

இக்கட்டுரை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணமுண்டு. 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற பஸ்வண்டி ஒன்று இறம்பொடையை அடுத்த கெரண்டி எல்லப் பகுதியிற் பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர், காயமுற்றோர் பலர். அதன்பின் வந்த நாளொன்றில் வகுப்பறையிலே மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எல்லா பஸ்ஸுக்கும் கவர்னர் பூட்டிவிட்டால் இப்படி நடக்காதுதானே?" என்று வினவினான். அவ்விபத்தின் காரணத்தைத் துணிதல் அதற்குரியோர் கடமை. அஃது என் தொழிலன்று. ஆயின் அம்மாணவன் எழுப்பிய வினா பொதுவானது, நேர்மையானது. 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ ஒரு சொல்லில் அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை. அன்று கூறாது விட்ட விடையே இக்கட்டுரை.

முதற்கண் அக்கருவியின் வரலாற்றை நோக்குவாம். காற்றாலைகளில் மாவரைக்கும் கற்களின் இடைவெளியைச் சீர்செய்தற்கு, சுழலும் குண்டுகளைக் கொண்ட அமைப்பொன்று இங்கிலாந்தில் வழங்கிற்று. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாற் என்பார் அதனைத் தம் நீராவிப் பொறிக்கு ஏற்ப மாற்றியமைத்தார். நூலிற் கல்லொன்றைக் கட்டிச் சுழற்றினால், வேகம் மிகமிகக் கல் கையினின்றும் விலகி மேலெழுதலைச் சிறுவரும் அறிவர். வாற் அமைத்த கருவியின் தத்துவம் இதுவே. பொறியோடு இணைந்து சுழலுந் தண்டொன்றின் இரு மருங்கினும் இரண்டு குண்டுகள் தொங்கும். பொறி விரைந்தால் குண்டுகள் விரிந்து உயரும். அவை உயர நெம்புகோல் ஒன்று அசைந்து நீராவி வரும் வழியைச் சுருக்கும். பொறி தளர்ந்தால் குண்டுகள் தாழும். வழி மீண்டும் அகலும். ஒருவர் அருகிருந்து பார்த்துக்கொள்ளாமலே பொறி தன் வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும்.

எனினும் இக்கருவி குற்றமற்றதன்று. சுமை கூடினால் வேகம் சற்றுத் தாழ்ந்தே நிலைபெறும். குண்டுகள் வேக மாற்றத்தை மிக நுட்பமாக உணர்வனவாயின் வேறொரு தொல்லை நேரும். வேகம் எல்லையை மிஞ்சும், கருவி மிகையாக அடக்கும், வேகம் குன்றும், கருவி மிகையாகத் திறக்கும். இவ்வாறு பொறி ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறும். பழைய டீசல் வண்டியொன்று நின்ற நிலையிலே 'உறும்உறும்' என்று ஏறியிறங்கி ஒலித்தலை நாம் கேட்டிருக்கின்றோம். அத்தடுமாற்றத்தின் கணித நெறியை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868ஆம் ஆண்டில் ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். பின்னர் 1948ஆம் ஆண்டில் நோபேர்ட் வீனர் என்னும் அறிஞர், விலங்கிலும் இயந்திரத்திலும் அமைந்த கட்டுப்பாட்டு முறைகளை ஆராயும் தம் புதிய துறைக்குப் பெயரிட்டபோது, மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார். கவர்னர் என்னுஞ் சொல்லும் அவ்வேரினின்று பிறந்ததே. நம் முன்னோர் தேசாதிபதி என்றழைத்த ஆங்கில ஆட்சியாளர்க்கும் எஞ்சினோடு பொருந்திய இச்சிறு கருவிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வழங்குதல் இதனாலேயாம்.

தேயிலைத் தோட்டத்திற் பிறந்தார்க்கு இக்கருவி புதியதன்று. நம்மவர் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில் நீராவிப் பொறியும் நீர்ச்சுழலியும் எண்ணெய் எஞ்சினும் காலத்துக்கேற்ப மாறிமாறி உழைத்தன. ஒரே தண்டிலிருந்து தோற்பட்டிகளின் வழியே உருளைகளும் சல்லடைகளும் விசிறிகளும் இயங்குங்கால், ஒரு பட்டி கழன்றால் சுமை சட்டெனக் குறையும். அவ்வேளை எஞ்சின் கட்டுமீறி விரையாது காத்தது கவர்னரே. கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை அரும்பொருளகத்திற்குச் செல்லும் மாணவர் அங்குள்ள பழைய எஞ்சின்களில் இவ்வமைப்பை நேரிற் காணலாம். இறம்பொடையினின்று நோக்கினாற் கண்ணுக்கெட்டும் கொத்மலை நீர்த்தேக்கத்தின் மின்னிலையத்திலுள்ள சுழலிகளுக்கும் கவர்னர் உண்டு. நம் வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்று என்னும் அளவினின்று பிறழாதிருத்தற்கு அத்தகைய கருவிகளின் இடையறாக் காவலும் ஒரு காரணமாகும்.

முதியோர் கண்ட கிராமபோன் பெட்டியிலும் சுழலும் மூன்று சிறு குண்டுகள் இருந்தன. இசைத்தட்டு மிக விரைந்து சுழன்றாற் குண்டுகள் விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும். தகடு தோல் அல்லது கம்பளித் துண்டொன்றில் உராயும். அவ்வுராய்வு வேகத்தைத் தணிக்கும். இங்கே மாணவர் ஊன்றி நோக்கத்தக்க வேறுபாடொன்றுண்டு. கிராமபோனின் கவர்னர் உராய்வினால் இழுத்துப் பிடிப்பது, அஃதொரு தடை. வாற் அமைத்த கவர்னரோ உணவைக் குறைப்பது, தடையன்று. பொறியின் வாய்க்குச் செல்லும் நீராவியையோ எண்ணெயையோ அது சுருக்குமேயன்றிச் சுழலுஞ் சக்கரத்தைப் பற்றி நிறுத்தாது. மோட்டார் வண்டிகளில் அமைந்த கவர்னர்கள் அனைத்தும் இவ்விரண்டாம் இனத்தைச் சேர்ந்தவை. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துக. பின்னர் இது பெரிதும் வேண்டப்படும்.

இனிப் பழைய லொறிகளில் இக்கருவி அமைந்த முறையைக் காண்பாம். பெற்றோல் எஞ்சினுக்குக் காபரேற்றரின் வழியே காற்றும் எண்ணெய் ஆவியும் கலந்து செல்லும். பழைய பெற்றோல் லொறிகளிற் காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையே சிறு பெட்டி போன்ற கவர்னர் ஒன்றைப் பொருத்தினர். அதனுள்ளே வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற தகடொன்று உண்டு. அதன் அச்சு நடுவிலன்றிச் சற்று ஒதுங்கி அமைந்திருக்கும். காற்றோட்டம் மெதுவாகச் செல்லுங்கால் விற்சுருளொன்று அத்தகட்டைத் திறந்து வைத்திருக்கும். எஞ்சின் விரைய விரையக் காற்றோட்டம் மிகும். அதன் உந்துதலாலும் எஞ்சினின் உறிஞ்சுதலாலும் தகடு விற்சுருளை வென்று மூடத் தலைப்படும். சாரதி தன் காலால் எவ்வளவு அழுத்தினும் எஞ்சினுக்கு மேலும் உணவு கிட்டாது. விற்சுருளின் இறுக்கத்தைக் குறித்த அளவில் வைத்துக் கம்பி கோத்து ஈயமுத்திரை இடுவர். முத்திரை உடைந்திருப்பின் யாரோ கைவைத்தனர் என்பது வெளிப்படை.

டீசல் எஞ்சினின் நிலை வேறு. பெற்றோல் எஞ்சினுக்குக் கவர்னர் ஓர் அணிகலன். டீசல் எஞ்சினுக்கோ அஃது உறுப்பு. டீசல் எஞ்சின் காற்றைத் தடையின்றி உள்ளிழுக்கும். அதன் ஆற்றலை நிருணயிப்பது ஒவ்வொரு முறையும் பம்ப் உட்செலுத்தும் எண்ணெயின் அளவே. அவ்வளவு மிகச் சிறியது. அதிற் சிறு மிகை நேரினும் சுமையற்ற எஞ்சின் மேன்மேலும் விரைந்து தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்; சிறு குறை நேரின் நின்றுவிடும். மனிதன் காலால் அத்துணை நுட்பமாக அளந்து கொடுத்தல் அரிது. ஆகவே டீசல் பம்ப் பிறந்தபோதே கவர்னரும் உடன்பிறந்தது எனலாம். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டில் இத்தகைய பம்புகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் லொறிகள் உலகிற் பரவின.

பெரிய டீசல் எஞ்சின்களின் பம்பின் ஒரு கோடியிலே வாற் அமைத்தவற்றைப் போன்ற சுழலும் எடைகள் இருந்தன. வீதி வண்டிகளுக்கென அமைந்தவை பெரும்பாலும் இரண்டு வேலைகளை மட்டுமே செய்தன. நின்ற நிலையில் எஞ்சின் அணையாது காத்தல் ஒன்று. உச்ச வேகத்தை மிஞ்சாது தடுத்தல் மற்றொன்று. இடைப்பட்ட வேகங்களைச் சாரதியின் காலுக்கே விட்டன. உழவு இயந்திரத்திலும் மின்பிறப்பாக்கியிலும் அமைந்தவையோ எல்லா வேகங்களையும் ஆளுவன.

சிறிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் வேறொரு வகை கவர்னர் வழங்கிற்று. காற்று உட்செல்லுங் குழாயில் ஓர் இடத்தைக் குறுக்கி அங்கே தகடொன்றை அமைத்து, அதனைச் சாரதியின் காற்பலகையோடு இணைத்தனர். அக்குறுகிய இடத்தில் உண்டாகும் உறிஞ்சுதலைச் சிறு குழாயொன்று பம்பின் பின்னுள்ள சவ்வொன்றுக்குக் கொண்டு செல்லும். விற்சுருள் எண்ணெயைக் கூட்டும் பக்கம் தள்ளும். உறிஞ்சுதல் குறைக்கும் பக்கம் இழுக்கும். எஞ்சின் விரைந்தால் உறிஞ்சுதல் மிக்கு எண்ணெய் குறையும். எளிமையும் மலிவும் உடைய அமைப்பு இது. ஆயினும் சவ்வு கிழிந்தாலோ சிறு குழாய் வெடித்தாலோ உறிஞ்சுதல் அற்றுப்போகும். விற்சுருள் எண்ணெயை முழுமையாகத் திறந்துவிடும். எஞ்சின் தறிகெட்டு ஓடும். காவலன் துயின்றால் வாயில் தானே திறந்துகொள்ளும் அமைப்பு இஃதென்க.

மலைப்பாதைக்கே உரிய இன்னொரு வியப்பும் இவ்வகையில் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் திணறி, வண்டி கியரிற் கிடந்தபடியே பின்னோக்கி உருண்டால், சில பழைய டீசல் எஞ்சின்கள் எதிர்த்திசையிலே சுழன்று இயங்கத் தொடங்கிவிடும். அப்பொழுது புகைபோக்கும் வழியே காற்று உட்புகும். காற்றுக் குழாயின் வழியே புகை வெளிவரும். உறிஞ்சுதல் இருக்கவேண்டிய இடத்தில் ஊதுதல் இருக்கும். ஆகவே கவர்னர் சிறிதும் தொழிற்படாது. எஞ்சினை உடனே நிறுத்துவதொன்றே அப்போது செய்யத்தக்கது.

கவர்னரை வண்டிகளுக்குப் பூட்டியோர் எந்நோக்கங் கருதிப் பூட்டினர்? பெரும்பாலும் உயிரைக் காத்தற்கன்று, பொருளைக் காத்தற்கே. வேகம் மிகின் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மிகும், எண்ணெய்ச் செலவு ஏறும், டயர் தேயும், எஞ்சின் நைந்துபோகும். இரண்டாம் உலகப்போரில் மலாயா யப்பானியர் கைப்பட்டதும் நேச நாடுகளுக்கு இரப்பர்ப் பஞ்சம் நேர்ந்தது. இலங்கை இரப்பருக்கு அக்காலம் பெருமதிப்பு உண்டானதும் அதனாலேயே. 1942ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு டயரைக் காத்தற்பொருட்டு நாடெங்கும் மணிக்கு 35 மைல், அஃதாவது ஏறத்தாழ 56 கிலோமீற்றர், என்ற வேக எல்லையை விதித்தது. அக்கால இராணுவ லொறிகள் பலவற்றில் முத்திரையிட்ட கவர்னர்கள் இருந்தன.

உயிரைக் காக்கவென்றே கவர்னரை வேண்டிய மக்களும் இருந்தனர். அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் 1923ஆம் ஆண்டு ஏறத்தாழ 42,000 பேர் விண்ணப்பமொன்றிற் கையொப்பமிட்டனர். நகரிலுள்ள மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் மணிக்கு 25 மைலுக்கு மேற் செல்லாதவாறு கவர்னர் பூட்டப்படல் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. வீதியிலே குழந்தைகள் வண்டிகளில் அகப்பட்டு மடிந்ததைக் கண்டு கொதித்தெழுந்த மக்கள் அவர்கள். மோட்டார் வணிகர் ஒன்றுகூடி அதனை முழுவலிமையோடும் எதிர்த்தனர். வாக்கெடுப்பிற் கோரிக்கை தோற்றது. வீதி யாருக்குரியது என்னும் வழக்கில் வண்டிக்குச் சார்பாக எழுந்த பெருந்தீர்ப்புகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

எனினும் அக்கோரிக்கை அடியோடு மடிந்துவிடவில்லை. டில்லியில் கனரக, நடுத்தர வண்டிகள் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேற் செல்லாதவாறு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டப்பட்டாலன்றி ஓடலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 1997ஆம் ஆண்டு நவம்பரிற் கட்டளையிட்டது. 2015ஆம் ஆண்டில் இந்திய அரசு, சரக்கு வண்டிகளும் பயணிகள் வண்டிகளும் பெரும்பாலும் 80 கிலோமீற்றர் எல்லைக்குட்பட்ட கருவியுடையனவாதல் வேண்டுமென விதி செய்தது. ஐரோப்பிய நாடுகளில் 1994ஆம் ஆண்டு முதல் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு 90 கிலோமீற்றரும், 10 தொன்னுக்கு மேற்பட்ட பஸ்களுக்கு 100 கிலோமீற்றரும் எல்லையாயின. 2024ஆம் ஆண்டு யூலை முதல் அங்கு விற்பனையாகும் புதிய கார்களிலும், வீதியின் வேக எல்லையை அறிந்து சாரதியை எச்சரிக்கும் அமைப்பு இருத்தல் வேண்டுமென்பது சட்டம். இக்காலக் கருவிகளிற் சுழலும் குண்டுகளில்லை. கியர்ப்பெட்டியிலுள்ள உணரியொன்று சக்கரத்தின் வேகத்தை மின்துடிப்புகளாக அறிவிக்கும். சிறு கணினி எண்ணெயைக் குறைக்கும். பழைய கவர்னர் எஞ்சினின் வேகத்தை அறிந்தது. புதியது வண்டியின் வேகத்தையே அறிகின்றது. முன்னேற்றம் பெரிதே. ஆயினும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: உணவைக் குறைத்தல்.

இனி மாணவன் வினாவுக்கு வருவாம். வண்டியொன்றின் எஞ்சினைக் கவர்னர் நிமிடத்திற்கு 2,400 சுற்றுக்கு மேல் விடாது எனக் கொள்வோம். நான்காங் கியரில் அவ்வெல்லை மணிக்கு 72 கிலோமீற்றருக்குச் சமமாயின், கியரின் விகிதங்களுக்கேற்ப மூன்றாங் கியரில் 45, இரண்டாங் கியரில் 24, முதற் கியரில் 12 எனக் கொள்ளலாம். சமநிலத்திலும் ஏற்றத்திலும் இவ்வெல்லைகளை வண்டி மீறாது. அங்கே வண்டியை இயக்குவது எஞ்சின் ஒன்றே. இறக்கத்திலோ இயக்குவோன் வேறு. பூமியின் ஈர்ப்பே வண்டியை இழுக்கின்றது. ஈர்ப்பின் வாய்க்கு எண்ணெய் செல்லும் குழாய் யாதுமில்லை. அதனைச் சுருக்க எந்தக் கவர்னராலும் இயலாது.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு வரும் பாதை தேயிலை மலைகளின் விளிம்பிலே வளைந்து வளைந்து இறங்குகின்றது. 10 தொன் நிறையுள்ள பஸ்வண்டியொன்று 800 மீற்றர் இறங்குவதாகக் கொள்வோம். அதனால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 78 மெகாயூல். அது 230 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. இவ்வெப்பம் முழுவதும் எங்கேனும் சென்று தீர்தல் வேண்டும். சாரதி பிரேக்கையே நம்பினால் அது பிரேக் உருளைகளைச் சென்றடையும். சூடேறிய உருளை விரிந்து பிரேக் கட்டைகளை விட்டு அகலும். கட்டைகளின் பிடிப்பும் தளரும். மிதிக்க மிதிக்கக் காற்பலகை ஆழச் செல்லுமேயன்றி வண்டி அடங்காது.

மாறாக, வண்டியை இரண்டாங் கியரில் இட்டுக் காலை எடுத்துவிட்டால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். அப்பொழுது கவர்னர் எண்ணெயை அறவே நிறுத்திவிடும். எஞ்சின் காற்றை இழுத்தும் அமுக்கியும் ஒரு பெரும் பம்பாகி வண்டியைத் தடுக்கும். கியர் தாழத் தாழ அத்தடை மிகும். புகைக்குழாயை அடைக்கும் தகடுள்ள வண்டிகளில் அஃது இன்னும் வலிதாம். இவ்வுதவி அனைத்தும் கியரின் வழியே வருவது. கியர் தவறின் கவர்னர் இருந்தும் இல்லாததே. நான்காங் கியரில் இறங்குவோனுக்கு எஞ்சினின் தடை மிகச் சிறிது. நடு இறக்கத்திலே வேகம் மிக்கபின் தாழ்ந்த கியருக்கு மாற்ற முயன்றாற் பழைய கியர்ப்பெட்டி அதனை ஏற்காது; முன்னைய கியரும் கழன்று, பின்னைய கியரும் பொருந்தாது, வண்டி இரண்டுங்கெட்ட நிலையில் விடப்படும்.

எண்ணெய் மிச்சம் பிடித்தற்கென்று இறக்கத்தில் வேண்டுமென்றே நியூற்றலில் விடுவோரும் உளர். டீசல் வண்டியைப் பொறுத்தவரை இதைவிடப் பேதைமை வேறில்லை. கியரில் இறங்கும் வண்டிக்குக் கவர்னர் எண்ணெயை அறவே நிறுத்துகின்றது. நியூற்றலில் இறங்கும் வண்டியின் எஞ்சினோ அணையாதிருத்தற்கென எண்ணெய் பருகுகின்றது. ஆகவே மிச்சமாவது யாதுமில்லை. எஞ்சின் மெல்லச் சுழலுதலாற் காற்றுப்பிரேக்குக்குக் காற்றடைக்கும் பம்பும் மெல்லவே இயங்கும். அடிக்கடி பிரேக்கை மிதித்தாற் காற்றும் தீரும். அவ்வேளை கவர்னர் என்ன செய்துகொண்டிருக்கும்? எஞ்சின் அமைதியாகச் சுழல்கின்றது, குறை ஒன்றுமில்லை என்று வாளாவிருக்கும். 15க்கு 1 என்னும் சரிவில் உராய்வையும் காற்றையும் நீக்கிக் கணக்கிட்டால், நின்ற வண்டியொன்று 200 மீற்றர் உருண்டதும் மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீற்றர் வேகம் எய்தும். அத்துணைச் சிறு தூரம் போதும்.

அவ்வேகத்தின் பொருளை உள்ளவாறு உணர்தற்கு ஓர் ஒப்புமை கூறுவேன். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதுதல், மூன்றரை மீற்றர் உயரத்தினின்று, அஃதாவது ஒரு லயத்துக் கூரையினின்று, வீழ்தலை ஒக்கும். 60 கிலோமீற்றரில் மோதுதலோ பதினான்கு மீற்றர் உயரத்தினின்று, அஃதாவது ஓங்கிய தென்னை மரத்தினின்று, வீழ்தலை ஒக்கும். வேகம் இருமடங்காயிற்று, வீழ்ச்சி நான்மடங்காயிற்று. வேகத்தின் வர்க்கம் என்று பௌதிக வகுப்பிற் கரும்பலகையில் எழுதுவதன் பொருள் இதுவே.

எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறியை நெடுங்காலம் ஓட்டிய முதியவர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் அவர் கண்டது சில ஆண்டுகளே. சிறுவனாகிய யான் ஒருமுறை அந்த லொறியின் பம்பிலிருந்த ஈயமுத்திரையைச் சுட்டி, அஃது என்னவென்று வினவினேன். அதற்கு அவர், "அது கெவுனர் சீலு தம்பி. கெவுனரு இஞ்சினத்தான் பாத்துக்கும். நம்மள நாமதான் பாத்துக்கணும். மேடு ஏறுற கியர்லயே பள்ளமும் எறங்கணும்" என்றார். பின்னாளில் வெளிவாரிப் பட்டத்திற்கெனப் படித்த நூல்களிலோ, ஆசிரியனான பின் கற்பித்த பாடங்களிலோ, இப்பொருளை இதனினுஞ் சுருக்கமாகவும் தெளிவாகவும் கூறிய வாக்கியத்தை யான் கண்டிலேன்.

ஆயின், குற்றமனைத்தையும் சாரதியின் தலையிற் சுமத்துதல் நீதியன்று. ஓய்வின்றி இரவெல்லாம் ஓட்டவேண்டிய நேரசூசி, பயணிகளை முந்திப் பிடித்தாலன்றி வருமானமில்லை என்னும் போட்டி, அளவுக்கு மிஞ்சிய சுமை, தேய்ந்த பிரேக், காப்புச்சுவரில்லாத வளைவு ஆகிய இவையெல்லாம் சாரதி ஒருவரால் ஆனவை அல்ல. முத்திரையை உடைத்த கை சாரதியினுடையதாயினும், அதனை உடைக்குமாறு ஏவிய அவசரம் பலருடையது. "ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறீர்?" என்று பின்னிருக்கையிலிருந்து குரல் கொடுக்கும் பயணிகளாகிய நமக்கும் அதிற் பங்குண்டு. சின்சினாற்றி நகரத்து வாக்காளர் அன்று எதிர்கொண்ட வினா இன்று நம்முன்னும் நிற்கின்றது: என் நேரம் பெரிதா, பிறன் உயிர் பெரிதா?

ஆகவே அம்மாணவனுக்கு யான் இன்று கூறும் விடை இது. கவர்னர் வேண்டும், ஐயமில்லை. சமவெளிப் பாதைகளில் அஃது உயிர்களைக் காக்கும், பொருளையும் காக்கும். மலைநாட்டிலும், இறக்கத்தின் தலையிலே வண்டி அளவுமீறிய வேகத்தோடு வந்து சேராதவாறு அது துணைசெய்யும். ஆனால் இறக்கம் தொடங்கியபின் காப்பன வேறு: முன்னரே தேர்ந்துகொண்ட தாழ்ந்த கியர், ஒழுங்காகப் பேணப்பட்ட பிரேக், புகைக்குழாய்த் தடை, வலிய காப்புச்சுவர், துயில் நிறைந்த சாரதி. இவற்றுள் ஒன்றேனும் இல்லாதவிடத்துக் கவர்னரைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியுறுதல், ஆற்றங்கரையிலே கதவை மட்டும் நாட்டிவிட்டு அணை கட்டியதாக எண்ணுதல் போலாம்.

இறம்பொடைச் சுரங்கப் பாதையைக் கடந்து அருவியின் ஓசை கேட்கும் இடத்தில், மாலை வேளைகளிற் பாடசாலைப் பிள்ளைகள் பாதையோரமாக வரிசையாய் நடந்து வீடு திரும்புவர். மேலே மலையிலிருந்து இறங்கும் வண்டியின் எஞ்சின் தாழ்ந்த கியரில் உறுமுங்கால், அவ்வொலி மலைமுகடுகளில் எதிரொலித்து முன்னரே வந்து சேரும். பிள்ளைகள் ஒதுங்கி நிற்பர். அவ்வுறுமலை இரைச்சலென்று முன்னெல்லாம் எண்ணியதுண்டு. இப்பொழுது அதனைக் கேட்குந்தோறும், மேலே ஒருவர் தம் கடமையைச் செய்துகொண்டு வருகின்றார் என்று மனம் ஆறுதலடைகின்றது. ஒலியின்றி இறங்கும் வண்டியே அஞ்சத்தக்கது. இதனை நம் மாணவர் அறிந்து, வீட்டில் வண்டியோட்டுந் தந்தைக்கும் தமையனுக்கும் எடுத்துரைப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் எய்தியவனாவேன்.